ஒன்பதாம் படி

ஐஸ் பெட்டியின் மூடியை நான்கு விரல் அளவு தூக்கி, அந்த இடுக்கில் கையை விட்டாள் கவிநிலா.

குளிர் முழங்கை வரை ஏறியது. ரோஜா மாலையைத் தாண்டி, வேட்டி மடிப்பைத் தாண்டி, விரல்கள் அப்பாவின் இடுப்பைத் தேடின. அரைஞாண் கயிறு தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே, பனிக்கட்டித் துண்டு போல ஒரு சின்னச் சாவி.

பீரோ லாக்கர் சாவி.

பந்தலில் இருந்தவர்கள் டீக்கு எழுந்து போயிருந்தார்கள். அம்மா திரௌபதி மட்டும் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். மூன்று நிமிடம் கிடைத்தால் போதும். கவிநிலா நகத்தால் முடிச்சைக் கிளறினாள். எத்தனையோ வருடத்து முடிச்சு. எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கல்லாகியிருந்தது. அசையவில்லை. நகம்தான் மடிந்தது.

"இன்னாம்மா கவி, இன்னா தேடற?"

மூடி டப்பென்று விழுந்தது.

மணி மாமா. கையில் பேப்பர் கப். அப்பாவின் தங்கை பச்சையம்மாளின் புருஷன். எழுபதைத் தாண்டிய பழைய லாரி டிரைவர். கண் மட்டும் இன்னும் இருட்டில் மைல்கல் படிக்கும்.

"வேட்டி வெலகியிருந்துச்சி மாமா. சரி பண்ணேன்."

"படுத்தவன் அசையாம படுத்திருக்கறான். வேட்டி மட்டும் எப்டிம்மா வெலகும்?"

நல்லவேளை, மாமா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், சரியாக ஐஸ் பெட்டிக்கு எதிரே. கவிநிலா நிமிர்ந்தபோது அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. பிறகு மூடிக்கொண்டன.

மணி பத்து. பௌர்ணமி மதியம் இரண்டேகாலுக்குப் பிறக்கிறது. அதற்குமேல் கிரிவலக் கூட்டம் இறங்கிவிட்டால் ஈசான்ய லிங்கத்துச் சுடுகாடு வரைக்கும் ஒரு சைக்கிள்கூட நகராது. ஒரு மணிக்குள் எடுத்துவிடுங்கள் என்று டிராஃபிக் போலீஸ்காரர் காலையிலேயே வந்து, வருத்தமும் சொல்லி, நேரமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டுக்குக் குளிப்பாட்டுவார்கள். குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுப்பார்கள். சாவி தம்பி மாறன் கைக்குப் போகும்.

இரண்டு மணி நேரம் இருந்தது.

தெருமுனையில் ஒரு மினி லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் கறுப்பாக, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு எல்.ஈ.டி. திரை. "வா... வா... ரைட்ல ஒடி... கம்பம் இருக்குது, பாத்து!" என்று முன்னால் ஓடி வந்தான் மாறன். சென்னையில் கல்யாண மண்டபங்களுக்குத் திரை வாடகைக்கு விடும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். விடியற்காலை நாலரைக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஐந்து மணிக்குச் செய்தி கேட்டுப் புறப்பட்டு வரும் வழியிலேயே உள்ளூர் ஆளைப் பிடித்துத் திரைக்குச் சொல்லிவிட்டிருந்தான்.

"பாத்தியா அக்கா? பத்துக்கு எட்டு. கல்யாணத்துக்குக்கூட இந்தத் தெருவுல இவ்ளோ பெருசு வெச்சதில்ல."

"சாவு வீட்ல எதுக்குடா இதெல்லாம்?"

"எதுக்கா? அப்பா ஒம்பதாம் படி ஏறினத ஊரே பாக்க வேணாமா?"

கவிநிலா ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பினாள். மாமா இன்னும் அதன் எதிரேதான் இருந்தார்.

லாரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். தோளில் துண்டு, இரு கையாலும் ஒரு வி.சி.ஆரைப் பச்சைக் குழந்தை போல அணைத்திருந்தார். "தேரடி ஸ்டூடியோ தண்டாயுதபாணிண்ணன்" என்றான் மாறன். "ஜில்லாவுலயே ஓடற டெக்கு இவருகிட்ட ஒண்ணுதான் இருக்குது."

"கேசட்ட மட்டும் குடுங்க தம்பி. பூஞ்சை ஜாஸ்தியா இருந்தா தொடைக்கணும். அரை மணி நேரம் ஆவும்."

"சாவிதான் வேணும். அம்மா, லாக்கர் சாவி எங்க?"

திரௌபதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவரு இடுப்புல இருக்குது. அறுக்கறப்ப எடுத்துக்கோ. அது வரைக்கும் யாரும் அவருமேல கை வெக்காதீங்க."

யாரும் என்றது யாரை என்று கவிநிலாவுக்குத் தெரிந்தது.

* * *

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டி.வி.யில் 'ஏறுமுகம்' வரும். மேடையில் பத்துப் படி. கேள்விக்குச் சரியாகச் சொன்னால் ஒரு படி மேலே. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் சறுக்குமரத்தில் சர்ரென்று கீழே. அதில் ஒரு வாரம் லைன்மேன் அன்பரசன் கலந்துகொண்டார். ஒன்பதாம் படி வரைக்கும் ஏறினார். அப்படித்தான் அன்பரசன் சொன்னார்.

ஒளிபரப்பான அன்று தெருவே வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அப்பா ஆறாம் படியில் கால் வைத்த நொடியில், எங்கோ ஓர் அணில் டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்து செத்தது. கரண்ட் போய்விட்டது. லைன்மேன் வீட்டிலேயே கரண்ட் போனதைச் சொல்லித் தெரு ஒரு வருடம் சிரித்தது.

மீதியைப் பார்த்த சாட்சி ஒன்றே ஒன்று. கீழ்பென்னாத்தூரில் மணி மாமா வீட்டு வி.சி.ஆர். அங்கே கரண்ட் இருந்தது. அத்தை பட்டனை அழுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாமா லாரியோடு நாக்பூரில். ஆள் இல்லாத அறையில் கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும், அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடி, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை அத்தை உடைத்துவிட்டாள். பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதிய முடியாது.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். அப்பா போகவில்லை. "மணி வரட்டும். அவன் மூஞ்சியப் பாத்துக்கினேதான் நான் டி.வி.யப் பாக்கணும்" என்றார். மச்சான்களுக்குள் அப்படி ஒரு போட்டி. அடுத்த ஞாயிறு, மாமா வந்ததும், கறிச்சோறோடு எல்லோரும் சேர்ந்து பார்ப்பதென்று ஏற்பாடு. லீவில் இருந்த கவிநிலாவையும் மாறனையும் முன்னதாகவே அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவளுக்கு ஒன்பது வயது. அவனுக்கு நாலு.

வெள்ளிக்கிழமை ராத்திரி டி.வி.யில் சினிமாப் பாட்டு வந்தது. அத்தை அடுப்படியில் இருந்தாள். புதுக் கேசட் என்று உறையில் எழுதியிருந்ததை எடுத்து, பாட்டைப் பதியச் சொருகினாள் கவிநிலா. டெக் பதிய மாட்டேன் என்றது. பின்னால் இருக்கும் ஓட்டையை எதையாவது ஒட்டி மூடினால் பதியும் என்று பள்ளிக்கூடத்தில் எவளோ சொல்லியிருந்தாள். தீபத் திருவிழாக் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த நட்சத்திரப் பொட்டு அட்டை பாவாடைப் பையில் இருந்தது. மெரூன் வெல்வெட். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு ஒட்டினாள். டெக் சமாதானமாகிவிட்டது.

அரை மணி நேரம் பாட்டு. பதிந்தது சரியா என்று ஓட்டிப் பார்த்தபோது, கடைசிப் பாட்டு முடிந்த இடத்தில், இரண்டே நொடி, ஒரு முகம் வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் முகம்.

அப்பா.

அடுத்து வெறும் புள்ளி மழை.

அத்தை உறையை மாற்றிப் போட்டிருந்தாள்.

அந்த ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் கவிநிலாவுக்குக் காய்ச்சல் அடித்தது. ஞாயிறு விடியும் முன் ஒரே ஒரு யோசனை வந்தது. டெக் ஓடாவிட்டால்? பக்கத்தில் மாறன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் டவுசர் பை நிறையப் புளியங்கொட்டை. ஏழு கொட்டை எடுத்து டெக்கின் வாய்க்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் டெக் உறுமியது, கருகியது, நின்றது. மாமா மூடியைக் கழற்றினார். புளியங்கொட்டை. எல்லோரும் மாறனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பையில் மீதி இருந்தது. மாமா இடுப்பு பெல்ட்டை உருவினார். அப்பா பாய்ந்து தடுப்பதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது. பெல்ட்டின் கொக்கி முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்தது. கறிச்சோறு அடுப்பில் இருக்க, அப்பா கேசட்டை ஒரு கையிலும் மாறனை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கவிநிலா பின்னாலேயே ஓடினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

பத்து வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவள் கல்யாணத்தில்தான் ஒட்டியது. ஒட்டிய நாள் முதல் மாமா நல்ல நாள், கெட்ட நாள் எல்லாவற்றிலும் ஆரம்பித்துவிடுவார். "இன்னா ஆறாம் படி, சௌக்கியமா? நான் பாக்கல. பாக்காதத எப்டி ஒத்துக்கறது?" அப்பா சிரிப்பார். "டேப்பு இருக்குது மணி. பீரோவுல இருக்குது. அது போதும் எனக்கு." டெக் வாங்கலாம் என்று மாறன் சொன்னபோதெல்லாம் அப்புறம் பாக்கலாம் என்றார். ஃபோனுக்கு மாற்றித் தருகிறேன் என்றபோதும் அப்புறம் பாக்கலாம். ஒவ்வொரு 'அப்புறம்' வரும்போதும் கவிநிலாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இன்றைக்குத்தான் அந்த அப்புறம்.

* * *

பதினொன்றரை. ஜெனரேட்டர் இரைந்தது. திரை விழித்துக்கொண்டு, தெரு முழுக்க நீலமாக வழிந்தது. ஐஸ் பெட்டிக் கண்ணாடியில், அப்பாவின் முகத்துக்கு மேலே, அதே நீலம்.

"மாறா, வேணாண்டா" என்றாள் கவிநிலா, அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போய். "பழைய டேப்பு. ஓடாம போனா எல்லார் முன்னாடியும் அசிங்கம். அப்பா ஆசையா வெச்சிருந்தது, அவரோடவே போவட்டும்."

"நீ இன்னா அக்கா இப்டிப் பேசற? அது இன்னா டேப்புன்னு தெரியுமா ஒனக்கு?" ஃபோனை எடுத்து நீட்டினான். "பழைய நிகழ்ச்சிங்க சேக்கறவங்க ஒரு குரூப்பு இருக்குது. மூணு வருசமா அதுல கெடக்கறேன். ஏறுமுகம் மொத்தம் நூத்தி நாப்பது வாரம் வந்துச்சாம். ஒண்ணுகூட யார்கிட்டயும் இல்ல. சேனல்காரங்களே அழிச்சிட்டாங்க. ஒலகத்துலயே மிச்சம் இருக்கறது நம்ம பீரோவுல இருக்கறது மட்டும்தான். இன்னைக்கி லைவ் போடறேன்னு சொல்லியிருக்கறேன். நானூறு பேரு காத்துக்கினு இருக்கறாங்க."

மாறன் குரலைத் தாழ்த்தினான்.

"அதுவும் இல்லாம... அன்னைக்கி நான்தான கெடுத்தேன். அப்பா என்னை ஒரு வார்த்த கேட்டதில்ல தெரியுமா? புளியங்கொட்ட போட்டதுகூட எனக்கு ஞாபகமில்ல அக்கா. அடிதான் ஞாபகம் இருக்குது. இன்னைக்கி நானே போட்டுக் காட்டிட்டா, கணக்கு தீந்துச்சி."

இப்போது சொல்லிவிடு என்றது மனசு. "மாறா..." என்று ஆரம்பிப்பதற்குள் வாசலில் பறை அதிர்ந்தது. "தண்ணி கொண்டாங்கப்பா! நேரமாவுது!" என்று சித்தப்பா இளவரசன் கத்தினார். மாறன் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினான்.

நாலு பெண்கள் புடவையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். அதில் ஒரு முனை கவிநிலா கையில். உள்ளே ஆண்கள் அப்பாவைப் பலகையில் உட்கார வைத்துத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சீயக்காய் வாசம். குடம் குடமாகத் தண்ணீர். வெயிலில் புடவை மெலிதாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் நிழல்கள். ஒரு நிழல் குனிந்தது. "பிளேடு எங்கடா?" என்றது. கவிநிலா பிடித்திருந்த புடவை முனை சரிந்தது.

"ஒழுங்காப் புடிம்மா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சர்க். கயிறு அறுந்த சத்தம் அவ்வளவு பறையிலும் கேட்டது. கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"இந்தா மாறா, சாவி."

முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் புடவைக்கு மேலாக ஓர் ஈரக்கை நீண்டது. விரல்களில் சீயக்காய் நுரை. நடுவில் சாவி, அறுந்த கயிற்றுத் துண்டோடு.

"அக்கா, என் கையெல்லாம் ஈரம். நீ போய் எடுத்து தண்டாயுதபாணிண்ணன்கிட்ட குடுத்துடு."

* * *

அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டம் காலையிலிருந்தே தயார். ரீலை வெளியே இழுத்து இரண்டு இடத்தில் வெட்டுவது. எடுக்கும்போதே அறுந்துவிட்டது, பூஞ்சை என்று சொல்வது. அழுவது. இன்றைக்கு அழுகையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சாவி சுலபமாகத் திரும்பியது.

மஞ்சள் துணி. முடிச்சை அவிழ்த்தாள். கேசட். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கேசட்டின் முதுகைத் திருப்பினாள்.

ஓட்டை மூடியிருந்தது. நாலு நட்சத்திரம், ஒன்றன்மேல் ஒன்று. வெல்வெட் வெளுத்து மண் நிறமாகியிருந்தது. அந்தப் பயத்தில் பொட்டை உரிக்க மறந்தோமோ, உரித்தோமோ என்று எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறாள்! உரிக்கவில்லை. ஆனால் அவள் கையை நிறுத்தியது அது இல்லை. பொட்டுக்கு மேலே, ஓரம் ஒட்ட வெட்டி, குமிழி இல்லாமல் தேய்த்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. வயர் முனைக்கு இன்சுலேஷன் சுற்றும் கை ஒட்டிய சுத்தம். பொட்டு உதிர்ந்துவிடக் கூடாது என்று ஒட்டியது.

துணியின் அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம். சேனலின் முத்திரை. 1997, செப்டம்பர்.

'அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. ஏறுமுகம் நிகழ்ச்சியில் தாங்கள் பங்கேற்ற பகுதியைப் பதிவுசெய்து வைத்திருந்த கேசட், தங்களுடைய கைத்தவறால் அழிந்துவிட்டது என்றும், வேறு பிரதி வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வருந்துகிறோம். டேப்புகளின் விலை காரணமாக, ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சிகளின் மீதே அடுத்த நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். தங்கள் பகுதியின் மீது தற்சமயம் சமையல் நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.'

தங்களுடைய கைத்தவறால்.

இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. எழுத்து மிதந்தது. எங்கேயோ ஒரு டெக்கில், தனியாக உட்கார்ந்து, அரை மணி நேரப் பாட்டையும் அப்பா கேட்டிருக்கிறார். கடைசியில் வந்த தன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறமும் எத்தனை வருடம், 'டேப்பு இருக்குது மணி.'

ஆனால் இந்தத் துணிக்குள் புளியங்கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாறனிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அந்தப் பாதியை அவர் சுமக்கவில்லை. அது கவிநிலாவுடையது.

கதவு தடதடத்தது. "அக்கா! கெடைச்சுதா? பாடைல வெச்சிட்டாங்க!"

கத்தரிக்கோல் கையில் இருந்தது. ஒரு இழுப்பு, ஒரு வெட்டு. மூன்று விநாடி வேலை.

மெஷின் மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தாள்.

மாறன் ஈர வேட்டியோடு நின்றான். அவள் கடிதத்தை நீட்டினாள். வாசலில் நின்றபடியே படித்தான். நெற்றி சுருங்கியது. கேசட்டை வாங்கித் திருப்பினான். கட்டைவிரலால் அந்த நட்சத்திரங்களைத் தடவினான்.

"இது..."

"நான்தான். தெரியாம பாட்டு பதிஞ்சிட்டேன்."

"அப்பாக்கு தெரியுமா?"

"இப்பத்தான் தெரியுது, தெரியும்னு."

மாறன் மெதுவாக மூச்சு விட்டான். முகம் லேசாக இளகக்கூடப் பார்த்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அந்தக் கணத்தைவிட வேறெதற்கும் அவள் பயந்ததில்லை.

"புளியங்கொட்டையும் நான்தான்டா. ஒன் டவுசர்லேர்ந்து எடுத்தேன். நீ தூங்கிக்கினு இருந்த."

வெளியே சங்கு ஊதியது. நீளமாக, இழுத்து.

கோபம் வந்திருந்தால் அவள் பயம் குறைந்திருக்கும். வரவில்லை. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கடிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் செருகினான். கேசட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

அவள் பின்னாலேயே வந்தாள். திரைக்கு முன்னால் ஊரே நின்றது. முன்வரிசையில் மணி மாமா. தண்டாயுதபாணி கையை நீட்டினார்.

"போடுடா மாப்ள!" என்றார் மாமா. "ஆறா, ஒம்பதா? இன்னைக்கித் தெரிஞ்சிடும்."

மாறன் திரையைப் பார்த்தான். பாடையைப் பார்த்தான். கவிநிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஓடாது மாமா. டேப்பு போச்சி."

"போச்சா? எப்டிப் போச்சி?"

"என் கைத்தவறு. எடுக்கறப்ப ரீலு அறுந்துபோச்சி."

"குடுங்க தம்பி, ஒட்டிப் பாக்கறேன்" என்றார் தண்டாயுதபாணி.

"வேணாண்ணே."

"அன்னைக்கும் நீதான், இன்னைக்கும் நீதானாடா?" மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஆமா மாமா" என்றான் மாறன்.

குனிந்து, அப்பாவின் வலது பக்கம், மாலைக்கு அடியில் கேசட்டை வைத்தான். நெருப்புச் சட்டியைத் தூக்கினான். அக்கா நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை.

பாடையைத் தோளுக்கு ஏற்றியபோதுதான் அது நடந்தது. மணி மாமா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும். லாரி ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல.

"ஒம்பதுதான்டா மச்சான்! ஒம்பதாம் படிதான்! நான் ஒத்துக்கறேன். எந்திரிடா!"

அவர் விரல்களைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

* * *

ஆண்கள் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவி, அப்பா கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள் அம்மா. திரைக்காரர்கள் சாப்பிடப் போனவர்கள் கூட்டத்தில் சிக்கித் திரும்ப முடியவில்லை போலிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. தெருவில் நீலம் எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டரைக்கெல்லாம் கூட்டம் இறங்கிவிட்டது. வெறுங்காலோடு ஒரு குடும்பம் நிழலைப் பார்த்துப் பந்தலுக்குள் நுழைந்து, திரைக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர். தரையில் சிதறிய சாமந்தியைப் பார்த்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. கால்வலி அப்படி.

"இன்னாம்மா போடப் போறாங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"பரவால்ல. செத்த நேரம் பாத்துட்டுப் போறோம்."

அவர்கள் நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவிநிலா வாசற்படி ஓரத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு நின்றாள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். மூத்தவள்தான் ஊற்ற வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வேறு யாரிடமாவது சொம்பைக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

மூன்றரைக்கு ஆட்கள் கூட்டத்துக்குள் எதிர்நீச்சல் போட்டு வந்தார்கள். சித்தப்பா. மாமா. கடைசியில் மாறன். மழித்த தலை. அவனைப் போலவே இல்லை.

சித்தப்பா கால் நீட்டினார், ஊற்றினாள். மாமா நீட்டினார், ஊற்றினாள். சொம்பில் தண்ணீர் பாதிக்கு வந்தது.

மாறன் படிக்குக் கீழே வந்து நின்றான். அவளையும் பார்க்கவில்லை, சொம்பையும் பார்க்கவில்லை. உள்ளே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

அவன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடது காலை நீட்டினான்.

முழங்காலுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு, மற்ற இடத்தைவிட வெளுப்பாகத் தழும்பு. அவள் அதை இதுவரை நேராகப் பார்த்ததே இல்லை. ஊற்றினாள். தண்ணீர் தழும்பில் இறங்கி, ஓர் இடத்தில் பிரிந்து, குதிகாலில் சேர்ந்தது.

சொம்பில் இன்னும் ஒரு காலுக்குத் தண்ணீர் இருந்தது. காத்திருந்தாள்.

மாறன் வலது காலை நீட்டினான்.